கிளச்சும் சுமையும்

கைப்பிடிக் கிளச்சு இல்லாத வண்டி கரட்டு வழிக்கு உழைக்காது என்பாரது கூற்று நமக்கு உடன்பாடன்று. 1980இல் வெளிவந்த டி.வி.எஸ். 50இன் வழித்தோன்றலாகிய எக்ஸ்.எல். 100, பொள்ளாச்சித் தோப்புகளில் தேங்காய் சுமந்து செல்கின்றதன்றோ?

எஞ்சினின் சுழற்சி மிகுங்கால் கிளச்சு ஷூக்கள் தாமே வெளிநோக்கி விரிந்து டிரம்மைப் பற்றும், குறையுங்கால் விட்டுவிடும். பெருஞ்சுமையோடு ஏற்றத்தில் ஊர்ந்தால், பற்றியும் பற்றாமலும் உராய்ந்து, சூடேறிக் கருகும். ஏற்றத்தில் பிரேக்கை விட்டு, ஆக்சிலேட்டரை முறுக்கியே வண்டியை நிறுத்திவைப்பதும் அத்தகையதே.

ஆதலின் ஆயுளைக் குறைப்பது கரட்டு நிலத்தினும் நமது பேராசையே எனலாம். மயிலிறகேயாயினும் அளவு மிஞ்சின் அச்சு முறியும் என்பது வள்ளுவர் கருத்து. கிளச்சு கருகிய நாளில் பால்காரர் வீட்டு வருவாயும் கருகும். ஒரு மூட்டையைக் குறைத்தலும், செங்குத்தில் இறங்கித் தள்ளுதலும் இழிவல்ல, அறிவுடைமையே என்போம்.