ஆட்டுக்காலும் ஒரு ககர ஒற்றும்

கொல்லிமலை என்றதும் இலக்கியம் பயின்ற நமக்கு இருவர் நினைவுக்கு வருவர். ஒருவன் வல்வில் ஓரி, மற்றொருத்தி கொல்லிப்பாவை. (பாவையின் பெயரில் ஒரு சிற்றிதழே வந்தது என்பதை இங்கு வரும் வாசகர்க்கு நினைவூட்ட வேண்டியதில்லை.) ஆனால் காரவள்ளியில் தொடங்கி 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து, தலை சுற்றி மேலே சேர்கிறவரை வரவேற்பது இவ்விருவரும் அல்லர். சாலையோரக் கீற்றுக் கொட்டகைகளில் ஆவி பறக்கும் ஓர் அலுமினியப் பாத்திரமும், அதன்மேல் கோணலாகத் தொங்கும் 'ஆட்டுக்கால் சூப்' என்ற பலகையுமே வரவேற்கின்றன.

சென்ற தை மாதம் நண்பர்கள் இருவரோடு நாம் அங்குச் சென்றிருந்தோம். ஒருவர் பல்லாண்டுகளாக பெல்ஜியத்தின் பிரசல்ஸ் நகரில் வாழ்பவர். பிறந்தது முதல் சைவ உணவினர். மற்றவர் அதற்கு நேர் எதிர். அறப்பளீசுவரரை வணங்கிவிட்டு வெளியே வந்தபோது குளிர் காதைப் பிடித்தது. சைவ நண்பர் பலகையைக் கண்டதும், கோயில் வாசலிலேயே இப்படியா என்று முகம் சுளித்து நகர்ந்துவிட்டார். அசைவ நண்பர் ஆவலோடு ஒரு குவளையை வாங்கி, பாதி குடித்து, கரண்டியால் அடியைத் துழாவி, "எலும்பே இல்லையே?" என்று கடைக்காரப் பெண்மணியிடம் கேட்டார். ஒருவர் குடிக்கக்கூடியதைக் குடிக்காமல் விட்டார். இன்னொருவர் குடித்தும் ஏமாந்தார். ஒரு பெயர் ஒரே நிமிடத்தில் இருவரை இரு திசைகளில் வழி தவறச் செய்துவிட்டது.

அந்தச் சூப்பில் ஆடு இல்லை. உள்ளது முடவாட்டுக்கால் கிழங்கு. மண்ணில் விளையாததால் கிழங்கு என்பதும் முழு உண்மையன்று. பாறைகளிலும் மரங்களிலும் பற்றிப் படரும் ஒரு பெரணியின் தண்டு அது. தடித்து, வளைந்து, பழுப்பு நிறச் செதில்கள் மயிர்போல் அடர்ந்து மூடியிருப்பதால், கசாப்புக் கடையில் தொங்கும் தோலுரிக்காத ஆட்டுக்காலை அப்படியே ஒத்திருக்கும். மேல்தோலைச் சுரண்டி எடுத்துவிட்டு, வெள்ளையும் பச்சையுமான சதையை நறுக்கித் தட்டி, மிளகு, சீரகம், பூண்டு, சின்ன வெங்காயம் சேர்த்துக் கொதிக்கவிட்டு வடித்தால் சூப் ஆயிற்று. மிளகும் அந்த மலையில் விளைவதே. சுவை பற்றி நம் தீர்ப்பு: மிளகு நன்றாக இருந்தது.

பலகை விளக்கப்பட்டதும் சைவ நண்பர் இரண்டு குவளை குடித்தார். பிறகு பிரசல்ஸ் உணவகங்களில் தாம் பட்ட பாட்டைச் சொல்லத் தொடங்கினார். 'ரி த வோ' என்று உணவுப்பட்டியலில் கண்டு, பிரெஞ்சில் 'ரி' என்றால் அரிசிதானே என்று மகிழ்ந்தாராம். அரிசிக்கும் இதற்கும் ஒலி ஒன்று, எழுத்து வேறு. வந்து சேர்ந்தது கன்றின் கழுத்துச் சுரப்பி. 'தலையில்லாப் பறவைகள்' என்றொரு பெல்ஜியப் பண்டம் உண்டு. அதில் பறவையே இல்லை. மாட்டிறைச்சித் துண்டில் கொத்துக்கறியை வைத்துச் சுருட்டிக் கட்டியதுதான் பறவை. 'குதிரைமேல் ஸ்டேக்' என்றால் குதிரைக் கறி என்று பயணிகள் பதறுவர். பொரித்த முட்டை இறைச்சியின்மேல் சவாரி செய்கிறது, அவ்வளவே. குதிரைவாலிச் சோற்றில் நாம் குதிரையைத் தேடுவதில்லை அல்லவா? அந்தப் பெயருக்கு நாம் உள்ளூர்க்காரர்கள்.

அவர் சொன்னவற்றுள் நம்மை நிறுத்தியது லியோன் நகரத்துப் பண்டம் ஒன்று: 'செர்வெல் த கனூ', அதாவது 'பட்டு நெசவாளியின் மூளை'. அதில் மூளை ஏதும் இல்லை. புதிய பாலாடைக் கட்டியில் பூண்டும் வெங்காய வகைகளும் பச்சிலைகளும் கலந்து அடித்தது. ஆட்டு மூளை வாங்க வசதியில்லாத நெசவாளர் இதைத் தின்று ஆறுதல் கொண்டனர் என்பர் சிலர். நெசவாளிக்கு இருக்கும் மூளை இவ்வளவுதான் என்று மேட்டுக்குடியினர் ஏளனம் செய்த பெயர் என்பர் வேறு சிலர். அந்த நெசவாளர்கள் 1831இலும் 1834இலும் கூலிக்காகக் கிளர்ந்தெழுந்து ஒடுக்கப்பட்டவர்கள். ஏளனமோ ஆறுதலோ, பெயர் இன்றும் உணவுப்பட்டியலில் நிற்கிறது. லியோன்காரர்கள் அதைச் 'சைவப் பாலாடை' என்று திருத்தி எழுதவில்லை.

இங்கோ திருத்தம் தொடங்கிவிட்டது. 'வெஜ் ஆட்டுக்கால் சூப்' என்ற பலகைகளைக் காண்கிறோம். சைவ நண்பரும் 'மலைக்கிழங்கு சூப்' என்று மாற்றிவிட்டால் குழப்பமே இராது என்றார். நமக்கு உடன்பாடில்லை. பெயரைப் பிறழ உணர்வது வந்தவரின் நிலை. அதற்காக இருந்தவர் தம் சொல்லை மாற்றிக்கொள்ள வேண்டுமா? ஆடு மேய்த்தும் அறுத்தும் பழகிய கண் பாறையில் தொற்றியிருந்த ஒன்றைக் கண்டு 'ஆட்டுக்கால்' என்றது. லின்னேயசும் 1753இல் இதற்குப் பெயரிடும்போது, பல கால் உடையது என்று பொருள்படும் 'பாலிபோடியம்' என்ற பேரினத்தில்தான் வைத்தார். சிறப்புப் பெயராக, ஓக்கு மரத்தின் இலையைப் போன்ற இலையுடையது என்றார். தம் ஊர் மரம் அவர் கண்ணில் பட்டது. பின்வந்த அறிஞர் பேரினத்தை மாற்றி 'டிரைனேரியா' என்றபோதும் ஓக்கு மரமே அச்சொல்லிலும் நின்றது. ஓக்கை அறியாத நம் மாணவர்க்கு அந்த இலத்தீனை மனப்பாடம் செய்விக்கிறோம். ஆட்டை அறிந்தவர் இட்ட பெயரை மட்டும் திருத்தப் பார்க்கிறோம்.

இம்மலையில் பிறழ உணரப்படுவது சூப்பின் பெயர் மட்டுமன்று. அதை விற்கும் மக்களின் பெயரும் அப்படியே. பழங்குடியினர் பட்டியலில் அவர்கள் 'மலையாளி'. நம் மாணவர் ஒருவர் இதைக் கேட்டுவிட்டு, அப்படியானால் அவர்கள் வீட்டில் பேசுவது மலையாளமா என்று வினவினார். அவர்கள் தமிழர், காஞ்சிபுரத்திலிருந்து வந்தோம் என்று தம் வரலாறு சொல்பவர்கள், 1909இல் வெளிவந்த தர்ஸ்டனின் தொகுதிகளிலும் அச்செய்தி உண்டு. தொழிலாளி, முதலாளி போல மலை கூட்டல் ஆளி, மலைக்கு உரியவர். கேரளத்தார்க்கு அப்பெயர் வந்தது மொழியின் வழியாக. எழுத்து ஒன்று, வந்த வழி வேறு.

இதுவரை சொன்னது சிரித்துவிட்டுப் போகக்கூடிய செய்தி. சிரிக்க முடியாதது அதே கடையில் சற்று நேரங்கழித்து நிகழ்ந்தது. சுற்றுலாப் பேருந்தில் வந்த முதிய அம்மையார் ஒருவர் இரண்டு கிலோ கிழங்கை எடைபோடச் சொன்னார். கணவர் பக்கவாதத்தில் விழுந்து ஓராண்டாகிறதாம். நாம் பேசிக்கொண்டிருந்ததைக் கேட்டிருப்பார் போலும், திரும்பி நம்மைக் கேட்டார்: "சார், நீங்க தமிழ் வாத்தியாருதானே? முடவனையும் ஆட்டி வைக்கிற கால்னுதானே இதுக்குப் பேரு? பேருலயே இருக்கறப்போ பொய்யாவா இருக்கும்?"

நாம் விடை சொல்லவில்லை. கடைக்காரப் பெண்மணிதான் தராசிலிருந்து கண்ணெடுக்காமல் சொன்னார்: "அதெல்லாம் எனக்குத் தெரியாதுங்கம்மா. பாத்தா ஆட்டுக்கால் கணக்கா இருக்குது, அதனால அந்தப் பேருங்க. குளிருக்குக் குடிச்சா ஒடம்புக்கு இதமா இருக்கும்." விற்கிறவர் வாக்குறுதி தரவில்லை. வாக்குறுதியைப் பெயருக்குள் ஏற்றி அனுப்பியவர்கள் சமவெளியில் இருக்கிறார்கள். அவர்களுள் நாமும் ஒருவர் என்பதால்தான் அன்று வாய் எழவில்லை.

பதினைந்து ஆண்டுகளுக்குமுன், சொற்பிரிப்பைச் சுவையாக நடத்த வேண்டும் என்ற ஆர்வத்தில், இச்சொல்லைக் கரும்பலகையில் எழுதி, 'முடவன் + ஆட்டும் + கால்' என்று பிரித்து, முடவனும் காலாட்டி நடக்கச் செய்வது என்று பொருள் சொன்னோம். எங்கோ கேட்டதுதான், சரிபார்க்கவில்லை. வகுப்பு கைதட்டியது. தமிழாசிரியர்க்கு இதைவிடக் கொடிய போதை இல்லை. ஒரு சொல்லை உடைத்து உள்ளிருந்து ஒரு தத்துவத்தை எடுத்துக் காட்டுவது எளிது; எடுத்தது உள்ளே இருந்ததா, நம் கைக்குள் இருந்ததா என்று எவரும் கேட்பதில்லை.

இப்போதேனும் கேட்போம். 'ஆட்டு' என்னும் வினையடியோடு 'கால்' சேர்ந்தால் அது வினைத்தொகை. வினைத்தொகையில் வல்லினம் மிகாது. ஊறுகாய், சுடுசோறு என்பன போல 'ஆட்டுகால்' என்றே நிற்கும். 'ஆட்டும்' என்ற பெயரெச்சமாகக் கொண்டால் மகரம் திரிந்து 'ஆட்டுங்கால்' ஆகும். ஆனால் மக்கள் நாவில் அழுத்தமாக ஒலிப்பது 'ஆட்டுக்கால்'. அந்தக் ககர ஒற்று எப்போது வரும்? 'ஆடு' என்னும் பெயர், நெடில்தொடர்க் குற்றியலுகரமாதலின் டகரம் இரட்டி 'ஆட்டு' என்றாகி, பின் வல்லினம் மிகும்போது வரும்: ஆட்டுப்பால், ஆட்டுக்கொம்பு, ஆட்டுக்கால். முன்னுள்ள பகுதியும் முடவன் என்ற ஆளாக இருக்க வேண்டியதில்லை. முடம், முடங்கு, முடக்கு ஆகிய சொற்களின் அடியில் கிடக்கும் பொருள் வளைவு. முடவு கூட்டல் ஆட்டுக்கால், கதவழகு என்பதுபோல உகரம் கெட்டு முடவாட்டுக்கால் ஆகும். வளைந்த ஆட்டுக்கால். பாறையில் கிடக்கும் அந்தப் பொருளைப் பார்த்தவர்க்கு இதைவிட நேரான விளக்கம் தேவைப்படாது. 'முடவன் ஆட்டுக்கால்' என்று சொல்வாரும் உண்டு. அங்கும் ககர ஒற்று ஆட்டைத்தான் காட்டுகிறது, நடையை அன்று.

வளைவுக்கு மற்றொரு சான்று முடத்தெங்கு. ஆசிரியராகத் தகாதவர்க்கு நன்னூலார் சொல்லும் உவமைகளுள் ஒன்று அது: நட்டு நீர் விட்டவனை விட்டுவிட்டு வேலிக்கு அப்பால் காய் உதிர்க்கும் வளைந்த தென்னை. இந்த இடத்தில் நாம் வேறு எடுத்துக்காட்டைத் தேடியிருக்கலாம்.

இம்மலையின் கிழங்கை மூட்டுவலிக்கு மக்கள் வழிவழியாக உண்டு வருகிறார்கள். அதை இகழ்வது நம் நோக்கமன்று. ஆய்வுக்கூடங்களில் இதன் சாற்றை வைத்துச் சோதனைகளும் நடந்துள்ளன. ஆனால் ஆய்வுக்கூடக் குடுவையில் கண்டது வேறு, பக்கவாதத்தில் கிடக்கும் ஒரு முதியவரை எழுப்பி நிறுத்துவது வேறு. மூளைக்குச் செல்லும் குருதி தடைப்பட்டோ, குழாய் வெடித்தோ வருகிற நோய் அது. இரண்டு கிலோ கிழங்கைச் சுமந்து அந்த அம்மையார் பேருந்தில் ஏறியபோது அவருடைய பையில் இருந்தது நம் சந்திப் பிழை.

காடும் இதற்கு விலை கொடுக்கிறது. பெரணிக்குப் பூவில்லை, விதையில்லை. நுண்வித்துகளாலும் தண்டு நீள்வதாலும் மெல்லப் பரவுவது. அடியோடு பெயர்த்தெடுத்த பாறையில் அது மறுநாளே துளிர்க்காது. மலைக்காரர் மழைக்குளிருக்குக் கொஞ்சம் எடுத்துவந்த காலம் வேறு. இன்று இணையக் கடைகளில் அது துண்டாகவும் பொடியாகவும் கிடைக்கிறது. 'ஆட்டுக்கால்' என்ற உவமைக்காக எவரும் பொதியஞ்சலில் பொடி வரவழைப்பதில்லை. 'முடவனை ஆட்டும்' என்ற வாக்குறுதிக்காகத்தான் வரவழைக்கிறார்கள்.

இவ்விடத்தில் ஓரியை நினைக்காமல் இருக்க முடியவில்லை. புறநானூற்றின் 152ஆம் பாடலில் வன்பரணர் காட்டும் வேட்டுவன், வந்த பாணர் கூட்டத்துக்குத் தான் வேட்டையாடிய மானின் கொழுத்த இறைச்சியையும் கள்ளையும் கொடுக்கிறான். அவர்கள் பாட்டில் தன் பெயர் வந்தபோது நாணுகிறான். தான் யார் என்று விளம்பரம் செய்துகொள்ளாமல் பொருளைக் கொடுத்தவன் ஆண்ட மலை இது. கடைக்காரப் பெண்மணியின் விடையில் அந்த மரபின் மிச்சம் ஏதோ இருந்தது என்று நினைத்துக்கொள்வது நம் ஆசையாகவும் இருக்கலாம்.

மலையிலிருந்து இறங்கிய மறுவாரம், அந்தப் பழைய வகுப்பில் முதல் வரிசையில் அமர்ந்திருந்த மாணவர் ஒருவரை அழைத்தோம். சொந்த ஊரில் நாட்டுமருந்துக் கடை வைத்திருக்கிறார். அவர் விற்கும் முடவாட்டுக்கால் பொடியின் உறைமீது, 'முடவனையும் ஆட்டும் கால்' என்ற நம் விளக்கம் பச்சை மையில் அச்சாகியிருப்பதை முன்பே கண்டு உள்ளூர மகிழ்ந்தவர்கள் நாம். இப்போது பிழையை ஒப்புக்கொண்டு, ககர ஒற்றில் தொடங்கிப் பொறுமையாக எல்லாவற்றையும் விளக்கினோம். அந்த வரியை எடுத்துவிடுமாறும், வாங்க வருகிறவர்களிடம் மருத்துவரின் மாத்திரையை நிறுத்த வேண்டாம் என்று சொல்லுமாறும் கேட்டுக்கொண்டோம். அவர் குறுக்கிடாமல் கேட்டார். நல்ல மாணவர், எப்போதும் அப்படித்தான்.

பிறகு மிகுந்த பணிவோடு கேட்டார்: "ஐயா, உறை புதுசா அச்சடிக்கத்தான் போறேன். அந்த 'க்'கை மட்டும் எடுத்துட்டு 'முடவாட்டுகால்'னு போட்டுட்டா, இலக்கணப்படி சரியாயிடுங்களா?"