தடுப்பணையை டெண்டர் விடலாம், பயிரை?

"ஓடைகளை மீட்பது பொறியாளர் வேலை, ஊர்க்காரர்களிடம் விட்டால் பணம்தான் பாழ்" என்ற வாதத்தை ஏற்க முடியாது. ராஜஸ்தானின் அல்வர் மாவட்டத்தைப் பாருங்கள். 1980களின் நடுவில் அங்கே கிராமத்தினர், தருண் பாரத் சங்கத்தின் துணையோடு, ஜோஹட் எனும் மண்கரைக் குளங்களைக் கட்டத் தொடங்கினார்கள். வழிந்தோடிய மழைநீர் நின்றது, நிலத்துக்குள் இறங்கியது, கிணறுகள் ஊறின. மழைக்காலத்தில் மட்டும் ஓடிய அர்வரி, 1990களில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறானது.

கட்டியது பாதி வேலைதான். சுமார் 70 கிராமங்கள் கூடி 'அர்வரி நாடாளுமன்றம்' அமைத்தன. கரும்பு போன்ற தண்ணீர் குடிக்கும் பயிர்களுக்கும் மரம் வெட்டுவதற்கும் கட்டுப்பாடு விதித்தன. மகாராஷ்டிரத்தின் ஹிவரே பஜாரில் மழையை அளந்து, கிராம சபையில் நீர்க்கணக்குப் போட்ட பிறகே பயிரை முடிவு செய்கிறார்கள். எந்த ஒப்பந்ததாரர் இதைச் செய்வார்? பக்கத்து வயல்காரரிடம் "இந்த வருஷம் கரும்பு வேண்டாம்" என்று சொல்லும் உரிமை, கூடவே வாழ்கிறவருக்குத்தான் உண்டு.

பொறியாளர் தேவையில்லை என்று நான் சொல்லவில்லை. சரிவை அளக்க, கலிங்கு அமைக்க அவர்கள் வேண்டும். ஆனால், நீர்ப்பிடிப்பு நிலத்தில் என்ன விளையலாம் என்று முடிவெடுக்கும் அதிகாரம் கிராம சபைக்கே உரியது. அதை அரசு சட்டமாக்க வேண்டும்.