தரையில் கற்ற வித்தை, கூண்டில் பெற்ற பாடம்

ஒரு வித்தையில் தேர்ந்தவன் எந்தக் களத்திலும் தேர்ந்தவனாகவே விளங்குவான் என்று எண்ணுவது உலக இயல்பு. இவ்வெண்ணம் எவ்வளவு தூரம் மெய், எவ்விடத்தில் பொய் என்பதை உரைத்துக் காட்டும் விளையாட்டு ஒன்று உண்டு. நம் இல்லங்களில் வளரும் இளைஞர் பலர் அதைக் கைபேசியில் கண்டு களிக்கின்றனர். பெற்றோர் பலர் அதைக் கண்டாலே முகம் சுளிக்கின்றனர். கம்பிக் கூண்டினுள் இருவர் குத்தியும், உதைத்தும், கட்டிப் புரண்டும் பொருதும் அவ்விளையாட்டைக் கலப்புப் போர்க்கலை என்பர். அக்கூண்டினுள் பிரேசில் நாட்டு ஜியு-ஜிட்சு வல்லுநர்கள் பெற்ற வெற்றியையும், பட்ட அடியையும், அதன்பின் தம்மைத் திருத்திக்கொண்ட வகையையும் இத்திங்கள் ஆராய்வோம்.

இக்கலையின் வேர் பிரேசிலில் இல்லை; அதுவும் நம்மைப் போலக் குடிபெயர்ந்து சென்றதேயாகும். ஜப்பானில் ஜூடோ பயின்ற மிட்சுயோ மயேடா என்பவர் 1914-ஆம் ஆண்டில் பிரேசிலுக்குச் சென்றார். பெலெம் நகரில் குடியமர்ந்து, 1941-இல் அங்கேயே காலமானார். அவரிடம் கார்லோஸ் கிரேசி என்னும் இளைஞர் பாடம் கேட்டார். கார்லோஸும் அவருடைய தம்பி ஹீலியோவும் அவ்வித்தையைத் தம் குடும்பக் கலையாகவே வளர்த்தனர். ஹீலியோ மெலிந்த தேகத்தினர். ஆதலால், வலிமை குறைந்தவன் தரையில் மல்லாந்து கிடந்தபடியே, தன் மேல் கவிந்த பலசாலியைக் கால்களால் வளைத்துப் பிடித்து, அவனது மூட்டைப் பூட்டியோ கழுத்தை நெருக்கியோ பணியவைக்கும் முறை அவர்களிடம் சிறப்பிடம் பெற்றது. மல்லாந்து கிடந்து காலால் காக்கும் இந்நிலையைக் ‘கார்டு’ என்பர். பிடியில் அகப்பட்டவன் கையால் தட்டினால் தோல்வியை ஒப்புக்கொண்டான் என்பது பொருள்.

1993-ஆம் ஆண்டு நவம்பர் 12 அன்று அமெரிக்காவின் டென்வர் நகரில் முதல் யு.எஃப்.சி. போட்டி நடைபெற்றது. ஹீலியோவின் மகன் ராய்ஸ் கிரேசி அதில் இறங்கினார். அவருடைய எடை ஏறத்தாழ 80 கிலோதான். அன்று ஒரே இரவில் குத்துச்சண்டை வீரர் ஒருவரையும், கென் ஷாம்ராக் என்னும் கட்டுடல் மல்லரையும், உதைச்சண்டையில் வல்ல ஜெரார்ட் கோர்டோவையும் அவர் அடுத்தடுத்து வென்றார். குத்துச்சண்டை வீரரோ ஒரு கையில் மட்டும் உறை அணிந்து வந்தார்! 1994-ஆம் ஆண்டில் மேலும் இரு போட்டிகளில் ராய்ஸ் வாகை சூடினார். மெலிந்தவன் வலியவனை வெல்லும் காட்சியைக் கண்டு உலகம் வியந்தது.

ஆயினும், அவ்வெற்றியில் ஒரு பங்கு எதிரிகளின் அறியாமை தந்தது என்பதை மறத்தலாகாது. தரையில் விழுந்தபின் என்ன செய்வது என்பதை அவர்களுள் பெரும்பாலோர் கற்றதில்லை. பலர் காண அரங்கேறிய வித்தை நெடுநாள் இரகசியமாக இருப்பதில்லை. மல்லர்கள் பூட்டுகளையும் அவற்றிலிருந்து விடுபடும் வழிகளையும் கற்றனர். 2000-ஆம் ஆண்டு மே முதல் நாள், டோக்கியோ நகரில், கசுஷி சகுராபா என்னும் ஜப்பானிய மல்லர் ராய்ஸை எதிர்த்து நின்றார். 15 நிமிடச் சுற்றுகள் ஆறு, ஆக 90 நிமிடங்கள் போர் நீடித்தது. முடிவில் ராய்ஸின் தரப்பினரே துண்டை எறிந்து தோல்வியை ஒப்புக்கொண்டனர். 2006-ஆம் ஆண்டு மே மாதம் மாட் ஹியூஸ் என்னும் மல்லர், முதற் சுற்றிலேயே ராய்ஸைத் தரையில் கவிழ்த்துக் குத்தி வென்றார். ராய்ஸ் தம் வித்தையை மறந்துவிடவில்லை. அதை மற்றவர்கள் கற்றுக்கொண்டு விட்டனர்.

பயிற்சிக் கூடத்துக்கும் கூண்டுக்கும் உள்ள வேற்றுமைகளை இங்கே எண்ணிப் பார்க்க வேண்டும். முதலாவது உடை. கூடத்தில் எதிரி தடித்த பருத்திச் சட்டை அணிந்திருப்பான். அதன் கழுத்துப்பட்டையும் கைப்பகுதியும் நல்ல பிடிகளாகும். கூண்டிலோ வெற்று மேனி. வியர்வை ஊறிய உடல் வழுக்கும். இரண்டாவது அடி. ஜியு-ஜிட்சு போட்டியில் குத்து இல்லை. ஆதலால் ஒருவன் தானே தரையில் அமர்ந்து, எதிரியைத் தன் கால்களுக்கிடையே இழுத்துக்கொள்ளலாம். கூண்டில் அவ்வாறு செய்தால் மேலிருப்பவன் கையாலும் முழங்கையாலும் முகத்தைத் தாக்குவான். நடுவர்களும் பெரும்பாலும் அவன் பக்கமே மதிப்பளிப்பர். மூன்றாவது சுவர். கீழே தள்ளப்பட்டவன் கூண்டின் கம்பியில் முதுகைச் சாய்த்து எழுந்துவிடுவான். நான்காவது காலம். ஐந்து நிமிடத்துக்கொரு முறை மணி அடிக்கும்; அப்போது இருவரும் மீண்டும் நின்ற நிலையிலிருந்தே தொடங்க வேண்டும். பொறுமையாகப் பின்னிய வலையெல்லாம் அந்த மணியோசையில் அறுந்துபோகும்.

இவ்வேற்றுமையை அநுபவத்தால் உணர்ந்தவர் பாப்ரிசியோ வெர்டூம். 2010-ஆம் ஆண்டு ஜூன் மாதம், பல ஆண்டுகள் வெல்வாரின்றி இருந்த பியோடர் எமெலியானென்கோவை மல்லாந்த நிலையிலேயே கால்களால் சிக்கவைத்து 69 விநாடிகளில் பணியவைத்தார். அடுத்த ஆண்டு அலிஸ்டர் ஓவரீமுடன் மோதியபோது அதே தந்திரத்தை எதிர்பார்த்து, அடிக்கடித் தாமே தரையில் சாய்ந்து, ‘வா, வா’ என்று அழைத்தார். ஓவரீமோ அருகில் செல்ல மறுத்து, எழுந்து நிற்கும்படி சைகை காட்டினார். முடிவில் புள்ளிகளால் வென்றார். அழைத்தால் வராத எதிரியிடம் மல்லாந்த வித்தை என்ன செய்யும்? பின்னர் வெர்டூம் தாய்லாந்து முறைக் குத்துச்சண்டையில் அரும்பாடுபட்டார். 2015-ஆம் ஆண்டு ஜூன் மாதம் மெக்சிகோ நகரில் கெய்ன் வெலாஸ்கெஸை நின்றபடியே குத்திச் சோர்வடையச் செய்தார். அடி தாங்காத வெலாஸ்கெஸ் கால்களைப் பற்றக் குனிந்தார். அந்தக் கணமே அவர் கழுத்து வெர்டூமின் கைகளுக்குள் அகப்பட்டது. புதிதாய்க் கற்ற குத்து கதவைத் திறந்தது. பழைய பிடி உள்ளே புகுந்து வென்றது.

டெமியன் மையா கண்ட வழி வேறு. பிடிக்கலையில் உலகப் புகழ் பெற்ற அவர், 2009-இல் நேட் மார்குவார்ட்டின் ஒரே குத்தில் 21 விநாடிகளில் வீழ்ந்தார். பிறகு சில காலம் குத்துச்சண்டையில் கவனம் செலுத்தினார். பலன் கலப்பாகவே இருந்தது. ஆகவே தம் தரைக்கலைக்குச் செல்லும் பாதையைச் செப்பனிடத் தொடங்கினார். எதிரியின் ஒரு காலைப் பற்றுவது, அது தவறினால் விடாமல் அடுத்த பிடிக்கு மாறுவது, விழுந்தவன் முதுகில் ஏறிக் கழுத்தை நெருக்குவது என்னும் தொடரைத் தீட்டினார். 2014 முதல் 2017 வரை தொடர்ந்து ஏழு வெற்றிகள் பெற்றார். ஆனால் 2017 ஜூலையில், மல்லுக்கலையில் தேர்ந்த டைரன் உட்லியை இருபதுக்கும் மேற்பட்ட முறை வீழ்த்த முயன்றும் ஒருமுறையும் இயலாது தோற்றார். பாதை அடைபட்டால் ஊர் சேர முடியாது என்பதற்கு இதுவே சான்று.

சார்லஸ் ஒலிவேராவிடம் இவ்விரு வழிகளும் ஒன்றுசேர்ந்தன. யு.எஃப்.சி. வரலாற்றில் எதிரிகளைப் பிடியால் பணியவைத்த வெற்றிகள் மிகுதியாகப் பெற்றவர் அவரே. எனினும் 2021 மே மாதம் மைக்கேல் சாண்ட்லரை வென்று பட்டம் பெற்றது குத்துகளால்! முதற் சுற்றில் பலத்த அடி வாங்கியவர், இரண்டாம் சுற்றின் தொடக்கத்திலேயே குத்தி முடித்தார். அவருடன் தரையில் புரள எதிரிகள் அஞ்சுவதால், அவர் துணிந்து காலை வீசி உதைக்க முடிகிறது. தரையில் கற்ற வித்தை தரையைத் தொடாமலே பயன் தரும் விந்தை இது.

நம் பெருநகரங்களில் ஜியு-ஜிட்சு கற்பிக்கும் கூடங்கள் இன்று உள்ளன. நம் பிள்ளைகள் அங்குச் செல்ல விரும்பினால் தடுக்க வேண்டுவதில்லை. உடலுக்கும் உள்ளத்துக்கும் அது நல்ல பயிற்சியே. ஆனால் இடுப்பில் கட்டிய பட்டையின் நிறத்தை நம்பிக் கூண்டில் குதிக்க எண்ணும் இளைஞனிடம் சில கேள்விகள் கேட்டே ஆகவேண்டும். சட்டையின்றிப் பிடிக்கப் பழகினாயா? மெல்லிய அடிகளுக்கிடையே காத்துக்கொள்ளப் பழகினாயா? நிற்பவனைத் தரைக்குக் கொண்டுவரும் வழி தெரியுமா? விழுந்தால் எழத் தெரியுமா? வலிக்குமுன் தட்டும் விவேகம் உண்டா? இவற்றுக்கு ஆசிரியரும் மாணவனும் மனநிறைவான விடை தரும்வரை பொறுத்திருத்தல் நலம்.

தட்டுவது இழிவன்று என்பதற்கு ஹீலியோவின் வரலாறே சான்று. 1951-ஆம் ஆண்டு ரியோ நகரின் மரக்கானா அரங்கில் ஜப்பானிய ஜூடோ வீரர் மசாஹிகோ கிமுரா அவருடைய கையைப் பின்புறமாக முறுக்கிப் பூட்டினார். ஹீலியோ தட்டவில்லை, கை முறிந்தது, அவர் தரப்பினரே போரை நிறுத்தினர். ஆயினும் அத்தோல்வியை அக்கலையினர் மூடி மறைக்கவில்லை. அந்தப் பூட்டைத் தம் பாடங்களுள் சேர்த்து, வென்றவரின் பெயராலேயே அதைக் ‘கிமுரா’ என்று வழங்குகின்றனர். இன்றும் பிரேசிலிய ஜியு-ஜிட்சு பயிலும் சிறுவன் ஒவ்வொருவனும் அப்பெயரைச் சொல்லியே அப்பிடியைக் கற்கிறான். கொண்டுவந்ததைக் கைவிடாமலும், வந்த இடத்தில் கற்றதை வெறுக்காமலும் வளர்ந்த கலை அது. ஊர் விட்டு ஊர் வந்து வாழும் நாம் அறிந்துகொள்ளத் தக்கதும் அதுவே.