எலியில் எரியும் விளக்கு

வளர்ந்தவரின் மூளையிலும் புதிய நரம்பணுக்கள் பிறக்கின்றன. ஆகவே ஸ்டெம் செல்லைச் செலுத்தினால் பக்கவாதமும் மறதிநோயும் அகலும் என்று கூறிச் சிலர் கடை விரித்திருக்கின்றனர். இந்த 'ஆகவே' என்னும் சொல்லைத்தான் நாம் எதிர்க்கிறோம். முன்னது ஆய்வு, பின்னது வாணிகம்.

ஆய்வை நாம் இகழவில்லை. எலியின் மூளையில் புதிய நரம்பணுக்கள் தோன்றுவதை ஜோசப் ஆல்ட்மன் 1960-களில் காட்டியபோது அறிவுலகம் செவிசாய்க்கவில்லை. 1992-இல் ரெனால்ட்ஸும் வைஸும் வளர்ந்த சுண்டெலியின் மூளையிலிருந்தே ஸ்டெம் செல்களைப் பிரித்து வளர்த்துக் காட்டினர்.

ஆனால் மூளைக்குள் எது ஸ்டெம் செல் என்று தோற்றத்தைக் கொண்டு சொல்வது அரிது. அதற்கெனவே மரபணுக் கருவிகள் உருவாயின. நெஸ்டின் என்னும் மரபணு இயங்கும் உயிரணுக்களில் மட்டும் 'க்ரே' என்னும் நொதி உண்டாகுமாறு சுண்டெலியின் மரபை மாற்றுகின்றனர். மார்பகப் புற்றுநோய்க்குத் தரப்படும் டாமாக்சிஃபென் மருந்தைக் கொடுத்ததும், அந்நொதி உட்கருவுக்குள் புகுந்து தடையாக நின்ற மரபுத் துண்டை வெட்டியெறிகிறது. அதன்பின் அந்த உயிரணுவும் அதன் வழித்தோன்றல்களும், நீல ஒளி பட்டால் பச்சையாய் ஒளிர்கின்றன. இவ்வழியே குறித்த மரபணு ஒன்றை அவற்றில் மட்டும் நீக்கவும் இயலும்.

இவ்விளக்கும் குறையற்றதன்று. நெஸ்டின் இரத்தக் குழாய்களின் உயிரணுக்களிலும் இயங்குவதுண்டு. மருந்து கொடாமலே நொதி வெட்டிவிடுவதும் உண்டு. எலியினத்துக்கு எலியினம் விடை மாறுகிறது. எனவே, 'எந்த எலியில் கண்டீர்?' என்று ஆய்வாளர் ஒருவரையொருவர் வினவுகின்றனர். விற்பவரோ வினவுவதில்லை.

மனிதரிடம் இந்த விளக்கை ஏற்றவே இயலாது. பிறக்குமுன் மரபை மாற்றிப் பின்னர் மூளையை அரிந்து பார்ப்பது தகுமோ? எனவே மறைமுகச் சான்றுகளே எஞ்சுகின்றன. 1998-இல் எரிக்சன், கேஜ் குழுவினர், புற்றுநோயாளருக்கு நோயறியும் பொருட்டுக் கொடுக்கப்பட்ட ஒரு வேதிப்பொருளின் தடத்தை, அவர்கள் இறந்தபின் மூளையில் கண்டனர். 2018-இல் ஒரு குழு, வளர்ந்தோரிடம் புதிய நரம்பணு புலப்படவில்லை என்றது. மற்றொரு குழு, முதுமையிலும் உண்டு என்றது. 2025-இல் ஸ்வீடன் நாட்டு ஆய்வாளர் பகுபடும் முன்னோடி உயிரணுக்களைக் கண்டனர். சிலரிடம் மிகுதி, சிலரிடம் அருமை.

உள்ளதன் அளவே வழக்கில் இருக்கையில், குணம் தருவதாக எப்படி விலை பேசுகின்றனர்? விற்கப்படுவதும் பெரும்பாலும் மூளையின் ஸ்டெம் செல் அன்று. எலும்பு மஜ்ஜையிலிருந்தோ கொழுப்பிலிருந்தோ எடுத்தது.

'நோயாளியின் நம்பிக்கையைப் பறிக்கலாமா?' என்பர். நம்பிக்கையைப் பறிப்பவர், நகையை அடகு வைத்து வரும் தாயிடம் எலியின் வெற்றியை மனிதரின் வெற்றியாகக் காட்டுபவரே. இரத்த நோய்களுக்கான மஜ்ஜை மாற்றம் போன்ற ஏற்கப்பெற்ற சிகிச்சைகள் நீங்கலாக, முறையான ஆய்வுக்கு வெளியே ஸ்டெம் செல்லைச் செலுத்துவது நெறியன்று என இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017-ஆம் ஆண்டு நெறிமுறை தெளிவாகவே கூறுகிறது.

ஆகவே நம் மக்கள் இரண்டு கேள்விகள் கேட்கட்டும்: இது நிறுவப்பட்ட சிகிச்சையா, ஆய்வா? ஆய்வு எனில், எங்களிடம் பணம் கேட்பது ஏன்?