மலை வாழைக் கன்று கேட்கலாமா?

கோடை வந்துவிட்டால் கொடைக்கானலுக்குக் குடும்பம் குடும்பமாகப் போகிறார்கள். ஏரியில் படகு விடுகிறார்கள். குதிரை ஏறுகிறார்கள். படம் எடுத்துக்கொண்டு திரும்பி விடுகிறார்கள். மலையில் என்ன விளைகிறது என்று பார்க்கிறவர்கள் எத்தனை பேர்?

வத்தலக்குண்டிலிருந்து பெரும்பாறை, தாண்டிக்குடி வழியாக ஒரு பாதை ஏறுகிறது. அந்தப் பக்கம் சின்னச் சின்னத் தோட்டங்கள் உண்டு. பெரும்பாலும் மழையை நம்பிய விவசாயம். உயர்ந்த மரங்கள் நிழல் தருகின்றன. மரத்தில் மிளகுக்கொடி ஏறுகிறது. கீழே காப்பிச் செடி, இடையிடையே வாழை. உதிர்ந்த இலையும் வெட்டிப்போட்ட மட்டையும் அங்கேயே மக்கி எருவாகின்றன. காப்பி விலை விழுந்தால் மிளகு கைகொடுக்கும். மிளகு காய்க்காவிட்டால் வாழை இருக்கிறது. பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டிய காட்சி!

அங்கு விளையும் விருப்பாட்சி வாழைப்பழத்தில் நீர் குறைவு; மணம் அதிகம். அதனால்தான் பழனி பஞ்சாமிர்தத்துக்கு அதைத் தேடுகிறார்கள். பஞ்சாமிர்தம் கெடாமல் இருப்பதற்கும் அதுவே ஒரு காரணம். 2019-ல் பழனி பஞ்சாமிர்தத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. விருப்பாட்சி, சிறுமலை வாழைகளுக்கு அதற்கு முன்பே கிடைத்துவிட்டது.

முடிக்கொத்து நோய்

ஆனால் 1970-களிலிருந்து இந்த வாழைக்குப் பெரும் சோதனை. முடிக்கொத்து நோய் வந்து தோட்டம் தோட்டமாக அழித்தது. இலைகள் சிறுத்து, உச்சியில் கொத்தாக நிமிர்ந்து நிற்கும். அந்த மரம் நல்ல தார் போடாது. மருந்தும் கிடையாது. வேரோடு எடுத்து அழிப்பது ஒன்றே வழி. நோயைப் பரப்புவது அசுவினிப் பூச்சி. தொலைவுக்குக் கொண்டு போவது மனிதன் எடுத்துச் செல்லும் கன்று!

இதை அறியாமல் சிலர் செய்கிற காரியம் வருத்தம் தருகிறது. தோட்டம் பார்க்க வந்தவர்கள், "ஒரு கன்று கொடுங்கள், வீட்டில் வைக்கிறோம்" என்கிறார்கள். விருந்தாளியிடம் இல்லை என்று சொல்லத் தோட்டக்காரருக்கு மனம் வருமா? கொடுத்துவிடுகிறார். இன்னும் சிலர் தங்கள் ஊர்க் கன்றை அன்பளிப்பாகக் கொண்டு வருகிறார்கள். அது அதைவிட ஆபத்து. நோயில்லாத கன்றுகளைத் திசு வளர்ப்பு முறையில் உண்டாக்க வேளாண்மைப் பல்கலைக்கழகத்தார் பாடுபட்டிருக்கிறார்கள். ஒரு கெட்ட கன்று வந்தால் அந்தப் பாடெல்லாம் வீண்.

கன்றுக்குப் பதில் பழம் வாங்கலாம். காப்பித்தூள், மிளகு வாங்கலாம். கடையில் கேட்ட விலையைக் கொடுக்கிறவர்கள், தோட்டத்தில் மட்டும் பேரம் பேசுவது நியாயமில்லை. சுற்றிப் பார்க்கும்போது உச்சி கொத்தாக நிற்கும் வாழை கண்ணில் பட்டால், தொடாமல் வந்து தோட்டக்காரரிடம் சொல்ல வேண்டும்.