‘நீ’ என்று சொல்வது யார்?

ஊர், பேர், உறவு எல்லாவற்றையும் பறிகொடுத்த மனிதனைப் பற்றி நாவல் எழுதுவதானால் அவனை ‘நான்’ என்றும் சொல்லக் கூடாது, ‘அவன்’ என்றும் சொல்லக் கூடாது; ‘நீ’ என்று விளித்தே முழுக் கதையையும் நடத்த வேண்டும் என்று நம் இளம் எழுத்தாளர்கள் சிலர் வாதிக்கிறார்கள். அடையாளம் போனவனுக்கு ‘நான்’ என்று சொல்ல நா எழாது. வேறொருவர் அவனைப் பார்த்து ‘நீ எழுந்தாய், நீ நடந்தாய்’ என்று சொல்வதே பொருத்தம் என்பது அவர்கள் கட்சி. இந்த வாதத்தைச் சிரித்துத் தள்ள நாம் தயாராயில்லை. ஆனால் ஒரு கேள்வி கேட்க நமக்கு உரிமை உண்டு. ‘நீ’ என்று சொல்கிற அந்த ஆசாமி யார்?

அவர்கள் காட்டும் உதாரணங்கள் பாரிஸ் நகரத்தவை. 1957இல் மிஷேல் புட்டோர் எழுதிய நாவலில், பாரிஸிலிருந்து ரோமாபுரிக்கு ரயிலில் போகும் ஒருவனைக் கதை முழுவதும் ‘நீங்கள்’ என்றே ஆசிரியர் அழைக்கிறார். பத்து வருஷம் கழித்து, 1967இல், ஜார்ஜ் பெரெக் என்பவர் இருபத்தைந்து வயது மாணவன் ஒருவனைப் படைத்தார். அவன் பரீட்சைக்குப் போகாமல், நண்பர்களுக்குக் கதவு திறக்காமல், மாடியறையில் படுத்துக் கிடக்கிறான். அவனை ஆசிரியர் ‘நீ’ என்கிறார். (இரண்டையும் ஆங்கிலத்தில் படிப்பவருக்கு இந்த வித்தியாசமே தெரியாது. அந்த பாஷைக்கு இரண்டுக்கும் ஒரே சொல்தான்.) வேலையற்ற மத்தியதர வாலிபனின் சோம்பல் என்று பெரெக்கின் புத்தகத்துக்கு முத்திரை குத்துவது சுலபம். ஆனால் பெரெக்கின் தகப்பனார் 1940இல் போர்முனையில் மாண்டவர். தாயாரை 1943இல் நாஜிகள் ஆஷ்விட்ஸ் கொலைமுகாமுக்கு ரயிலேற்றினார்கள், அவர் திரும்பவேயில்லை. அப்படிப்பட்ட பிள்ளை எழுதும் ‘நீ’ வெறும் வார்த்தை விளையாட்டாக இருக்க முடியாது.

ஆனால் இந்த முறையைப் பாரிஸ்தான் கண்டுபிடித்தது என்று சொன்னால் நாம் ஒப்பமாட்டோம். பத்துப்பாட்டில் ஐந்து பாட்டுகள் ஆற்றுப்படைகள். பரிசில் பெற்று வருகிற ஒரு கலைஞன், பசியோடு எதிரே வருகிற இன்னொரு கலைஞனை வழியில் நிறுத்தி, நீ இந்த வழியே போ, இன்னின்ன ஊர் வரும், அங்கே உனக்கு இன்ன சோறு கிடைக்கும் என்று சொல்வதுதான் ஆற்றுப்படை. மலைபடுகடாம் நூற்றுக்கணக்கான அடிகளில் மலைப்பாதையின் ஆபத்துகளைக்கூட விடாமல் எச்சரிக்கிறது. முன்னிலையில் கதை சொல்லும் வித்தை நமக்கு ஏறக்குறைய ஈராயிரம் வருஷப் பழக்கம். அங்கே சொல்பவனும் ஏழை, கேட்பவனும் ஏழை. இதை நம் நண்பர்கள் கவனிக்க வேண்டும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் நம் ஜில்லாவுக்குள் வேறொரு ஆற்றுப்படை வந்தது. அதைப் பாடியவன் கங்காணி. நீ வா, கடல் தாண்டினால் மலை இருக்கிறது, அங்கே தேயிலைத் தூரைத் தோண்டினால் தேங்காயும் மாசியும் கிடைக்கும் என்றான். ஆள் ஒன்றுக்குத் தலைக்காசு வாங்கியவன் அவன். மழை பொய்த்த ஊர்களிலும், ஆறு ஓடியும் தமக்கென்று ஒரு மரக்கால் நிலம் இல்லாத சேரிகளிலும் அவன் பேச்சு எடுபட்டது. தூத்துக்குடியிலும் தனுஷ்கோடியிலும் கப்பலேறியவர்களுக்கு எண் பொறித்த தகரத் துண்டு கொடுக்கப்பட்ட காலம் ஒன்று உண்டு. எந்தத் தோட்டம், எத்தனையாவது ஆள் என்பதை அந்தத் தகரம் சொல்லும். போய்ச் சேருமுன்பே வழிச்செலவு அவன் பேரில் கடனாக ஏறியிருக்கும். அடையாளம் இழப்பது என்றால் என்னவென்று தத்துவ நூலில் தேடுகிறவர்கள் அந்தத் தகரத்தைக் கொஞ்சம் யோசித்துப் பார்க்கட்டும்.

இதை இலக்கியத்தில் ஏற்றிய முதல் பேனாக்களில் ஒன்று நம்மூர்ப் பேனா. புதுமைப்பித்தனின் ‘துன்பக்கேணி’ 1935இல் மணிக்கொடியில் வந்தது. ஜில்லாவாசிகளுக்கே சரியாகத் தெரியாத வாசவன்பட்டி என்ற குக்கிராமத்துச் சேரிப் பெண் மருதி இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் போய் விழுந்த கதை அது. புதுமைப்பித்தன் காலமானது 1948இல். அதே வருஷத்தில்தான் இலங்கைச் சர்க்கார் பிரஜாவுரிமைச் சட்டத்தைக் கொண்டுவந்தது. மருதியைப் போன்ற லட்சக்கணக்கானவர்களைப் பார்த்து, ‘நீ யார்? உன் தகப்பன் இங்கே பிறந்ததற்கு அத்தாட்சி எங்கே?’ என்று கேட்டது. கங்காணி கொண்டுவந்தபோது யாரும் கேட்காத அத்தாட்சி! பிறகு 1964 அக்டோபரில் சிறிமாவோவும் சாஸ்திரியும் ஒப்பந்தம் செய்தார்கள். 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதி 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று முடிவாயிற்று. அந்த மீதியை 1974இல் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். பிரிக்கப்பட்டவர்களை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அங்கே ‘கள்ளத்தோணி’ என்று ஏசப்பட்டவன் இங்கே வந்து இறங்கியதும் ‘சிலோன்காரன்’ ஆனான். இலங்கையில் எஞ்சியிருந்தவர்களின் நாடற்ற நிலையைத் தீர்க்க ஒரு சட்டம் வந்து சேர 2003 ஆயிற்று.

ஆகவே ‘நீ’ என்பது ஒரே சொல்லல்ல. கங்காணியின் ‘நீ’ வேறு, தோட்டத்து ஆபீஸின் ‘நீ’ வேறு, சர்க்கார் மேஜைக்குப் பின்னாலிருந்து வரும் ‘நீ’ வேறு, பக்கத்து லயத்துக்காரனின் ‘நீ’ வேறு. திருநெல்வேலிக்காரனுக்கு இதைச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. சிநேகிதன் ‘ஏலே’ என்றால் தோளில் கை விழும். பண்ணையார் ‘ஏலே’ என்றால் தோளில் கிடந்த துண்டு இடுப்புக்கு இறங்கும். ‘நீர்’ என்றும் ‘ஓய்’ என்றும் சமதையாகப் பேசிக்கொள்கிற வழக்கமும் இந்த ஆற்றங்கரையில்தான் இருக்கிறது. இத்தனையையும் வைத்துக்கொண்டு, பாரிஸ்காரன் ‘நீ’ என்றான் என்பதற்காக நாமும் கண்ணை மூடிக்கொண்டு ‘நீ’ போட்டால், கதையில் பேசுவது பண்ணையாரா தோழனா என்பதே வாசகனுக்குத் தெரியாமல் போகும்.

வேறொன்றும் சொல்ல வேண்டும். நம் ஜில்லாவிலிருந்து ஆனைமலைத் தோட்டங்களுக்குப் போய்ச் செத்தவர்களின் கதையை டாக்டர் பி.எச். டேனியல் 1969இல் ஆங்கிலத்தில் எழுதினார். இரா. முருகவேள் அதை ‘எரியும் பனிக்காடு’ என்று தமிழாக்கினார். அதில் ‘அவன்’, ‘அவள்’ என்றுதான் இருக்கிறது. படித்தவர் யாரும் இலக்கணம் போதவில்லை என்று புகார் செய்ததாக நமக்குத் தெரியவில்லை!

முன்னிலையில்தான் எழுதுவேன் என்று பிடிவாதம் செய்பவருக்கு மாஞ்சோலை மலை காத்துக் கிடக்கிறது. 1929இல் சிங்கம்பட்டி ஜமீனிடமிருந்து பம்பாய் பர்மா டிரேடிங் கம்பெனி எண்ணாயிரம் ஏக்கருக்கு மேற்பட்ட காட்டை 99 வருஷக் குத்தகைக்கு எடுத்தது. மாஞ்சோலை, காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து, குதிரைவெட்டி என்று குடியிருப்புகள் எழுந்தன. கூலி உயர்வும் சிறையிலிருந்த தொழிலாளரின் விடுதலையும் கேட்டு 1999 ஜூலை 23ஆம் தேதி திருநெல்வேலியில் ஊர்வலம் வந்தபோது போலீஸ் தடியால் அடித்தது. தாமிரபரணியில் 17 பேர் மாண்டார்கள். ஒன்றரை வயதுக் குழந்தையும் அதில் ஒன்று. குத்தகை முடிய 2028 வரை தவணை இருந்தும் கம்பெனி 2024லேயே கடையைக் கட்டியது. தொழிலாளருக்குக் கொடுத்ததற்கு ‘விருப்ப ஓய்வு’ என்று பெயர். யார் விருப்பம்? அரசுத் தேயிலைக் கழகமே தோட்டத்தை ஏற்று நடத்தட்டும் என்று தொழிலாளர்கள் கேட்டார்கள். 2024 டிசம்பரில் ஹைகோர்ட் அந்த மனுக்களைத் தள்ளிவிட்டது.

நாலு தலைமுறையாக ‘எந்த ஊர்?’ என்றால் ‘ஊத்து’ என்றும் ‘நாலுமுக்கு’ என்றும் சொன்ன குடும்பங்கள் இவை. இப்போது அடிவாரத்தில் யாராவது அதே கேள்வியைக் கேட்டால் என்ன சொல்லும்? அங்கே ‘நீ’ என்று பேச உரிமையுள்ளவர்கள், நாம் பார்த்தவரை, பெண்கள்தான். மலையில் புதைத்த தாயையும் தகப்பனையும் அவர்கள் ‘நீ’ என்று கூப்பிட்டுத்தான் ஒப்பாரி வைக்கிறார்கள். அந்தக் கல்லறைகளுக்குப் போக மணிமுத்தாறு சோதனைச்சாவடியைத் தாண்ட வேண்டும்.