மாஸ்டருக்கு எதுக்கு இந்தப் பெரிய ஸ்கூட்டர்?



கொஞ்ச நாளா ஊருக்குள்ள ஒரு கதை ஓடுது. "மாஸ்டர் அந்தப் பெரிய ஸ்கூட்டர் எடுத்த நாள்ல இருந்துதான் பொடியன்மாருக்கும் அந்தப் பைத்தியம் புடிச்ச" என்று. நேர்ல சொன்னது ரெண்டு பேர். மத்தவங்க கடையிலயும் பள்ளி வாசல்லயும் சொல்லி என் காதுக்கு வந்து சேர்ந்திருக்கு. அதனால பதிலையும் எல்லாருக்கும் பொதுவா இங்கேயே எழுதுறேன். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்க.

முதல்ல என்ட வண்டியப் பத்தி. 155 சீசீ, செகண்ட் ஹேண்ட், சீட்டுக் காசுல எடுத்தது. லீசிங் இல்ல. மெக்ஸி ஸ்கூட்டர் என்கிற இந்தச் சாதி தூரப் பயணத்துக்காகவே வந்தது. ஹொண்டா 1986ல 250 சீசீயில ஒன்று விட்டான், பிறகு யமஹா 500 சீசீயில டீமெக்ஸ் விட்டான். அந்தக் கணக்குல பார்த்தா என்ட வண்டி ஒரு குழந்தை.

நான் எடுத்த காரணம் ஊருக்கே தெரியும். பஸ் தவறினா அன்றைய முதல் பாடம் போச்சு. கரைத்தீவு மாதிரி ஊருக்கு நியமனம் கிடைக்கிற ஆசிரியர் ஏன் வந்த நாள்ல இருந்தே டவுனுக்கு இடமாற்றம் தேடுறார் என்று கூட்டம் போட்டுப் பேசுறோம். போக்குவரத்துதான் பாதிக் காரணம். டியோட சின்னச் சில்லு விழுந்து எழும்புற குழியில 13 அங்குலச் சில்லு அமைதியாப் போகும். மஃரிபுக்குப் பிறகு வண்ணாத்திவில்லு ரோட்டால வாறவங்களுக்கு நல்ல லைட்டோட அருமை நான் சொல்லத் தேவையில்ல, யானை சொல்லிக் கொடுத்திருக்கும். 2022ல கிவ்ஆர் கோட்டாவுல மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர் தந்த காலமும், பெற்றோல் 470 ரூபாய்க்குப் போன காலமும் மறந்துபோச்சா? அப்ப எத்தனை ஆசிரியர்மார் பாடசாலைக்கு வர வழியில்லாம நின்ற?

இது ஆடம்பரம் என்று சொல்றவங்க வீட்டு முற்றத்துல நிக்கிற வண்டிய ஒருக்காப் பார்த்துட்டுச் சொல்லட்டும்.

ஆனா இந்த வண்டி எல்லாருக்கும் சரி என்று நான் எப்பவும் சொல்லல்ல. உண்மையில எங்கட ஊர்ல பாதிப் பேருக்கு இது தோதான வண்டியே இல்ல. டியோவுல, ஸ்கூட்டி பெப்புல கால் வைக்கிற இடம் தட்டையா இருக்கும். 12.5 கிலோ கேஸ் சிலிண்டர வைக்கலாம், அரிசி மூட்டைய வைக்கலாம், மீன் பெட்டியையும் வைக்கலாம். என்மெக்ஸ் மாதிரி வண்டியில நடுவுல பெற்றோல் டேங்க் மேடு மாதிரி எழும்பி நிக்கும். ஒன்றும் வைக்க ஏலாது. அபாயா உடுத்த பெண்களுக்கு ஏறி இறங்குறதும் கஷ்டம். மழைக்கு எழுவன்குளத்துப் பக்கம் தண்ணி ரோட்டுக்கு ஏறினா, பெல்ட்டுக்குள்ள தண்ணி போய் வழுக்கி வண்டி இழுக்காது. வாங்க நினைக்கிறவங்க இதையெல்லாம் கேட்டுட்டு வாங்குங்க.

இப்ப விஷயத்துக்கு வாறேன். பொடியன்மார்.

நான் படிப்பிக்கிற வகுப்புல இருக்கிற பிள்ளைகள் சிலர் பின்னேரத்துல இந்த வண்டி ஓடுறாங்க. பதினாலு, பதினஞ்சு வயசு. அவங்களுக்கு வண்டி வாங்கிக் கொடுத்தது நானா? சாவி கொடுத்தது வாப்பா. வெளிநாட்டுல இருந்து காசு அனுப்பினது மூத்த நானா. நகைய அடகு வெச்சு முன்பணம் கட்டினது உம்மா. லீசிங் ரெண்டு தவணை பிந்தினா ஆள் வந்து வண்டிய சீஸ் பண்ணிக்கிட்டுப் போவான். நகை அப்பவும் அடகுக் கடையிலதான். வட்டி ஹராம் என்று ஜும்ஆவுல கேட்டு அழுதுட்டு வந்து, திங்கட்கிழமை கையெழுத்துப் போடுறோம்.

ஒரு விஷயம் வாப்பாமாருக்கு விளங்கணும். கியர் பைக் என்றா தெரியாதவன் உடனே ஓட ஏலாது. கிளச்ச விட்டா எஞ்சின் நிக்கும். அதுவே ஒரு பாதுகாப்பு. இந்த வண்டியில கிளச் இல்ல, கியர் இல்ல, கைய முறுக்கினா பறக்கும். சக்தி டியோட கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு. நிறை 130 கிலோ அளவு. ஓடுறது சின்னப் பிள்ளைக்கும் சுகம், சரியுற நேரம் தாங்கிப் பிடிக்கிறதுதான் அவன்ட காலுக்கு ஏலாத காரியம். "ஏபிஎஸ் இருக்கு, பயமில்ல" என்று ஒரு வாப்பா எனக்கே பாடம் எடுத்தார். ஏபிஎஸ் சில்லு இறுகுறதத் தடுக்கும். எங்கட ரோட்டுல காத்துக்கு வந்து கிடக்கிற மணல்ல வண்டி நிக்கிற தூரம் அதால கூடவும் செய்யும். கைய எப்ப விடணும் என்று தெரிஞ்சவனுக்குத்தான் அது உதவி.

லைசன்ஸ் கதையும் சொல்லணும். 100 சீசீ வரைக்கும் ஏ1, அதுக்கு மேல ஏ. டியோவே 110 சீசீ என்கிறதால அதுக்கும் ஏ வேணும். ஏ1 மட்டும் வெச்சிக்கிட்டு டியோ ஓடுறவங்க எத்தனை பேர் என்று நான் கேக்கல்ல, உங்களுக்கே தெரியும். லைசன்ஸே இல்லாத பிள்ளை ஒருத்தர மோதினா, காப்புறுதிக் கம்பனி கைய விரிக்கும். வண்டியக் கொடுத்தவருக்கும் சட்டத்துல தண்டனை இருக்கு. காணி விற்று நட்டஈடு கட்டப் போறது யார்?

ஹெல்மட் போடச் சொன்னா "அல்லாஹ் பாதுகாப்பான் மாஸ்டர்" என்கிறாங்க. ஒட்டகத்தக் கட்டிட்டுப் பொறுப்புச் சாட்டு என்று படிச்ச சமூகம் நாங்க. வைத்தியசாலையில போய் அந்த வசனத்தச் சொல்லாதீங்க.

இன்னொன்று, இது எனக்கு உண்மையில கோபம் வாற இடம். லைசன்ஸ் எடுத்து, ஹெல்மட் போட்டு, ஸ்கூட்டியில ஒழுங்கா பாடசாலைக்கு வாற டீச்சர்மாரப் பார்த்து "பொம்புளைக்கு இது தேவையா" என்று கேக்குற அதே வாய், மூணு பேர ஏத்திக்கிட்டு கைய விட்டு ஓடுற பொடியனப் பார்த்து "மாஷா அல்லாஹ், மகன் நல்லா ஓடுறான்" என்று சொல்லுது. இதுல எது வெட்கக்கேடு என்று நீங்களே சொல்லுங்க. அந்த டீச்சர்மார் நாளைக்கு மனசு நொந்து இடமாற்றம் எடுத்துப் போனா, கணக்குப் பாடத்துக்கு ஆள் தேடி வலயக் கல்வி அலுவலகத்துக்கு அலையப் போறதும் நாங்கதான்.

என்ட வண்டிய நான் விற்கப் போறதில்ல. கேட்டவங்களுக்கு அதுதான் பதில்.

பள்ளி நிர்வாகத்துக்கு ஒரு வேண்டுகோள். ஜும்ஆவுக்கு வாற வண்டிகள்ல பதினெட்டு ஆகாதவன் ஓடி வாறத வாசல்லயே நிப்பாட்டுங்க. வாப்பாவக் கூப்பிட்டுச் சாவியக் கொடுங்க. ஒரு மாசம் செஞ்சு பாருங்க.

பதினெட்டு முடிஞ்ச பிள்ளைகளுக்கு, லைசன்ஸ் எழுத்துப் பரீட்சை தமிழ்லயே எழுதலாம். வீதிச் சமிக்ஞைகளும் வினாக்களும் நான் சொல்லித் தாறேன், காசு வேணாம். சனிக்கிழமை அஸருக்குப் பிறகு வீட்டுக்கு வாங்க. நடந்து வாங்க, இல்லாட்டி வாப்பாட பின்னால ஏறி வாங்க.